மாப்பிள்ளை இன்னும் மஞ்சள்லதான் இருக்காரு

நேத்து ராத்திரி ரெண்டு லார்ஜ் போட்டிருக்கீங்க. சரியா சார்?

கோவிச்சுக்காதீங்க. பக்கத்துல வந்து உக்காந்ததும் கண்ணைப் பாத்தேன், செவந்து கெடக்கு. பையை மேல வைக்கறப்ப கை ஒரு தரம் தவறிச்சு. கண்டக்டர் கேட்டதுக்குக் கொஞ்சம் யோசிச்சுத்தான் ஊர் பேரைச் சொன்னீங்க. இந்த மூணும் சேந்தா நம்ப கண்ணுக்குத் தப்பாது.

அய்யோ, ஆஸ்பத்திரியா? அம்மாவுக்கா? ராத்திரி பூரா பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களா? அடப்பாவமே. நல்லாயிடும் சார், கவலைப்படாதீங்க. கண்ணு செவக்கறதுக்குச் சரக்கு ஒரு காரணம், தூக்கமில்லாதது ஒரு காரணம். நான் ஒண்ணைச் சொன்னேன், அது இன்னொண்ணா இருந்துச்சு. ஆனா ஆள் சரியில்லன்னு கண்டுபிடிச்சேன் பாருங்க, அதுக்குத்தான் படிப்பு வேணும்கறது.

என் பேரு ஏகாம்பரம். பாண்டியில பீச்சுக்குப் பக்கத்துல பெரிய ஓட்டல் ஒண்ணு, அங்க பார்ல சீனியர் ஸ்டூவர்டு. சர்வர்னு சொல்லுவாங்க, சொல்லிட்டுப் போகட்டும். சின்ன வயசுலேருந்து ஊத்திக் குடுக்கறேன் சார், ஒரு சொட்டு நாக்குல வச்சதில்ல. கோயில்ல வேணாலும் அடிச்சு சத்தியம் பண்றேன்.

அதோ முன்னாடி, ஜன்னலோரம், ஊதாக் கலர் பொடவை, தெரியுதா? நம்ப பொண்ணுதான். மூத்தது, வினோதினி. மாப்பிள்ளை வீட்டுல விடறதுக்கு இட்டுக்கினு போறேன். கூட்டுரோட்டுல எறங்கணும். கையில கட்டு போட்டிருக்கறதைப் பாக்கறீங்களா? துணி தொவைக்கற கல்லுல வழுக்கி விழுந்துட்டா. டாக்டரம்மா திருப்பித் திருப்பிக் கேட்டாங்க, அவளும் கல்லுதான், கல்லுதான்னே சொன்னா. நான் போற வழியிலயே சொல்லி வச்சிருந்தேன், வேற எதுவும் பேசாதம்மா, போலீசு அது இதுன்னு ஆயிடும்னு. சொன்ன பேச்சு கேக்கற பொண்ணு சார்.

என்ன சொல்ல வந்தேன்? ஆங், படிப்பு.

எங்க ஓட்டலை வேற கம்பெனிக்காரங்க வாங்கினாங்க. வந்ததும் மொத வேலையா, பார்ல நிக்கற அத்தனை பேரும் ஆன்லைன்ல ஒரு கோர்ஸ் படிக்கணும்னுட்டாங்க. பொறுப்புடன் மது பரிமாறுதல். அதான் கோர்ஸ் பேரு. படிச்சு, பரிட்சை எழுதி, சர்ட்டிபிகேட் வாங்கினாத்தான் பார்ல டூட்டி. இல்லாட்டி லாண்டரிக்குப் போ. இந்த வயசுல போய்த் துணி மடிக்கச் சொன்னா எப்படி சார்?

எல்லாம் போன்லதான். ஒரு அம்மா வந்து பேசும். நல்ல தமிழ், நியூஸ் வாசிக்கற மாதிரி. ஓட்டி விட முடியாது, முழுசாப் பாத்தாத்தான் அடுத்த பாடம் தொறக்கும். எங்க பசங்க என்ன பண்ணானுங்க தெரியுமா? போனை ஐஸ் பெட்டி மேல வச்சுட்டு, அது பாட்டுக்கு ஓட, இவனுங்க பாட்டுக்கு கிளாஸ் தொடச்சுக்கினு இருந்தானுங்க. பரிட்சைக்கு ஒருத்தன் எழுதின விடையை இன்னொருத்தன் பாத்து அழுத்திட்டுப் போயிட்டான். நான் அப்பிடியில்ல. வீட்டுல உக்காந்து, ஃபேனை நிறுத்திட்டுக் கேட்டேன், அந்த அம்மா சொல்றது ஒண்ணு விடக்கூடாதுன்னு. எம்பது மார்க்கு வாங்கினாத்தான் பாஸு. எம்பத்திரண்டு வாங்கினேன். எட்டாவதோட நின்னவன் சார் நானு. என் வீட்டம்மா அதைப் பிரேம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டிச்சு.

அதுல சாரமான விஷயம் என்னன்னா, மூணு கலரு. ரோட்டு சிக்னல் மாதிரியே. வந்து உக்காந்தவன் நிதானமா இருக்கான், தெளிவாப் பேசறான், அவன் பச்சை. குரல் ஏறுது, வேகமாக் குடிக்கறான், சொன்னதையே சொல்றான், அவன் மஞ்சள். நாக்கு கொழறுது, கிளாஸைத் தட்டி விடறான், சண்டைக்கு நிக்கறான், அவன் சிவப்பு. சிவப்புக்கு ஊத்தவே கூடாது. மஞ்சள்தான் நம்ப கையில இருக்கு. மஞ்சளைச் சிவப்புக்குப் போக விடாம வச்சிருக்கறவன்தான் நல்ல சர்வர். ஒருத்தன் சிவப்புக்குப் போயிட்டான்னா, குடிச்சவன் மேல மட்டும் தப்பு இல்ல, ஊத்தினவன் மேலயும் பொறுப்பு இருக்குன்னு அந்த அம்மா சொல்லிச்சு. எனக்கு அது மனசுல ஆணி அடிச்ச மாதிரி நின்னுடுச்சு.

அந்த நேரத்துலதான் வினோதினிக்கு இடம் வந்துச்சு. பையன் தமிழ்மணி. ஜேசிபி ஓட்டறாரு, சொந்த வீடு, ஒரே பையன். வழக்கமா என்ன பண்ணுவாங்க? மாப்பிள்ளை இருக்கற தெருவுல போய், பொட்டிக் கடையில, சலூன்ல நைசா விசாரிப்பாங்க, பையன் எப்பிடி, பழக்கம் வழக்கம் உண்டான்னு. என் வீட்டம்மாவும் அதைத்தான் சொல்லிச்சு, ஒரு நடை போய்க் கேட்டுட்டு வந்துடுங்கன்னு. எனக்குக் கோவம் வந்துடுச்சு. ஏன்டி, சர்ட்டிபிகேட் வாங்கினவன் நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், முடி வெட்றவன்கிட்டப் போய்க் கேக்கச் சொல்றியான்னேன். ஆளையே வரச் சொல்லு, நேர்ல பாத்துச் சொல்றேன்.

வந்தாரு. ஞாயித்துக்கிழமை, காலைல பலகாரத்துக்கு. பாடத்துல சொன்ன ஒவ்வொண்ணையும் பாத்தேன் சார். கண்ணு வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. காபி டம்ளரை வாங்கினாரு, டபரால ஒரு சத்தம் வரல. பேச்சு தெளிவு. ஏணி மாதிரி இருக்கற எங்க மாடிப்படியில கைப்பிடியைத் தொடாம ஏறி எறங்கினாரு. சுத்தப் பச்சை. அப்பவே வீட்டம்மாகிட்ட விரலைக் காட்டிட்டேன், ஓக்கேன்னு. தையில கல்யாணம்.

செக்போஸ்ட் வருது. இருங்க, கொஞ்சம் பேசாம இருப்போம்.

...

போலீஸ்காரரு போயிட்டாரு. ஆம்பளைங்க பையை மட்டும் அமுக்கிப் பாத்துட்டு எறங்கிடறாங்க. பொம்பளைங்க பக்கம் போகமாட்டாங்க. பாண்டியிலேருந்து சரக்கு கொண்டு போறாங்களான்னு பாக்கறாங்க சார், வேற என்ன. என் பையில துண்டும் தண்ணி பாட்டிலும்தான் இருக்கு. வினோ பையில பொடவைங்களுக்கு நடுவுல சுருட்டி வச்சிருக்கேன், ஒரே ஒரு பாட்டில். மாப்பிள்ளைக்கு. நல்ல சரக்கு, கண்ட கண்டதை வாங்கிக் குடிச்சு ஒடம்பைக் கெடுத்துக்கறதுக்கு இது மேல் இல்லையா? பொண்ணு கோவிச்சுக்கினு வந்துடுச்சு, வெறுங்கையோட கொண்டு போய் விட்டா நல்லாவா இருக்கும்? அதுக்குத் தெரியும் சார், தெரியாம எல்லாம் வைக்கல. வைக்கறப்ப நின்னு பாத்துக்கினே இருந்துச்சு.

நீங்க ஏன் அப்பிடிப் பாக்கறீங்கன்னு புரியுது. பச்சைன்னு சொன்னியே, அப்புறம் எதுக்குப் பாட்டில்னு கேக்கறீங்க. பச்சைதான் சார், நான் பாத்தப்ப. பச்சையாவே இருப்பாருன்னு நான் எங்க சொன்னேன்? சிக்னல்னா மாறாதா?

ஆடிக்கு அழைச்சுக்கினு வந்தோம். மாசம் முடிஞ்சும் போகமாட்டேன்னு நின்னா. அம்மாகிட்ட என்னென்னமோ சொல்லியிருக்கா. நான், புதுசு, அப்பிடித்தான் இருக்கும்னு சொல்லிக் கொண்டு விட்டேன். கார்த்திகையில மறுபடி வந்தா, சொல்லாம கொள்ளாம, போட்டிருந்த துணியோட. அப்பவும் கொண்டு விட்டேன். இது மூணாவது தடவை. இந்தத் தடவை ஒக்கார வச்சு முறையா விசாரிச்சேன். எத்தனை போடறாரு? எவ்வளவு நேரத்துல போடறாரு? தண்ணி கலக்கறாரா, சோடாவா? சாப்பிட்டா, சாப்பிடாமலா? அது அழுதுக்கினே சொல்லுது. எனக்குப் புரிஞ்சு போச்சு. வேலை விட்டு வந்ததும் வெறும் வயித்துல ஊத்தறாரு, அதுவும் கணக்கில்லாம. பக்கத்துல தொட்டுக்க ஒண்ணு கெடையாது. இவ என்ன பண்ணியிருக்கா? பாட்டிலைப் பாத்ததும் அழறது, ஏன் குடிக்கறீங்கன்னு முன்னாடி போய் நிக்கறது, ஒரு நாளைக்குப் பாட்டிலையே எடுத்துக் கொட்டிட்டா. கஸ்டமர் கையில இருக்கற கிளாஸைப் பிடுங்கினா எவன் சும்மா இருப்பான்? மஞ்சள்ல இருந்த மனுஷனை இவளே தள்ளிக் கொண்டு போய்ச் சிவப்புல நிறுத்தறா.

சர்வீஸ் சரியில்ல சார். வேற ஒண்ணும் இல்ல.

அதனால நான் ஒரு முடிவு பண்ணேன். என் சர்ட்டிபிகேட் ரெண்டு வருஷத்துக்குத்தான் செல்லும். திரும்பக் கோர்ஸ் படிச்சுப் புதுப்பிக்கணும். கெடு வந்துடுச்சு. போனை வினோகிட்டக் குடுத்து, நீ படி, நீயே பரிட்சை எழுதுன்னேன். எனக்கும் வேலை ஆச்சு, அவளும் கத்துக்கிட்ட மாதிரி ஆச்சு. மொதல்ல வேணாம்னா. ரெண்டு நாள் போனைத் தொடவே இல்ல. அப்புறம் என்ன தோணிச்சோ, எடுத்தா.

ஒரு வாரம் ரெண்டு பேரும் உக்காந்து படிச்சோம் சார். சின்ன வயசுல வாய்ப்பாடு சொல்லிக் குடுத்ததுக்கு அப்புறம் அவகூட அவ்ளோ நேரம் நான் உக்காந்ததே இல்ல. சந்தோஷமா இருந்துச்சு, பொய் சொல்லல. அதுல எல்லாம் இருக்கு. நீ குடிச்சிருக்கேன்னு சொல்லாத, இதுக்கு மேல குடுக்க முடியலன்னு உன் மேல போட்டுச் சொல்லு. நேருக்கு நேர் நிக்காத, பக்கவாட்டுல நில்லு. கை ரெண்டும் தெரியற மாதிரி வச்சுக்க. உனக்கும் அவருக்கும் நடுவுல ஒரு மேசை இருக்கட்டும். இதுக்கு அவ கேட்டா, அப்பா, வீடே ஒரு ரூம்தான், மேசைக்கு எங்க போறதுன்னு. அதுக்கு என்னம்மா, அரிசி டப்பா இருக்கில்ல, அதை நடுவுல இழுத்துப் போட்டுக்கன்னேன். எல்லாத்துக்கும் ஒரு வழி இருக்கு சார், யோசிச்சா.

கஸ்டமரைத் தொடக்கூடாதுன்னு ஒரு பாடம். அதை அந்த அம்மா சொல்லிக்கினு இருக்கு, இவ போனை நிறுத்திட்டா. நிறுத்திட்டு, கஸ்டமர் நம்பளைத் தொட்டா என்ன பண்ணணும்னு இதுல வருமாப்பான்னு கேட்டா. மேனேஜரைக் கூப்பிடணும்னு போட்டிருக்கு. அதைச் சொன்னேன். அப்புறம் திரும்ப ஓட விட்டா.

இன்னொண்ணு கேட்டா பாருங்க, எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பாரை மூடினதும் சர்வரெல்லாம் அவங்கவங்க வீட்டுக்குப் போயிடுவாங்கல்லப்பான்னு கேட்டா. ஆமாம்மா, பின்ன என்ன பார்லயா படுப்பாங்கன்னேன். நான் எங்க போறதுன்னா. உன் வீட்டுலயேதானேம்மா இருக்கே, நீ எதுக்குத் தனியாப் போகணும்னு சொன்னேன். படிச்ச பொண்ணு, பி.காம். சில நேரம் இப்பிடிக் கொழந்தை மாதிரிக் கேக்கும்.

பரிட்சையில எவ்வளவு தெரியுமா? தொண்ணூத்தேழு! எங்க ஓட்டல்ல ஒருத்தன் வாங்கல. என் பேருலதானே எழுதினா, சர்ட்டிபிகேட் என் பேருக்கே வந்துச்சு. மேனேஜர் எல்லாரையும் நிக்க வச்சு எனக்குக் கை குடுத்தாரு. போர்டுல என் போட்டோ மாட்டியிருக்காங்க. வீட்டுக்கு வந்து காட்டினேன். சிரிச்சா. வந்த நாளா அன்னிக்குத்தான் சிரிச்சா சார்.

பழைய ஆளுங்க ஒரு தப்புப் பண்ணுவாங்க. போதையில இருக்கறவனுக்குக் காபி குடு, மோர் குடு, தலையில தண்ணி ஊத்துன்னு. ஒண்ணுத்துக்கும் தெளியாது. நேரம் ஒண்ணுதான் தெளிய வைக்கும்னு அந்த அம்மா அடிச்சுச் சொல்லுது. நான் வினோகிட்ட அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பறேன். பொறுமையா இரும்மா. நேரம் ஆவும். ஒரு கொழந்தை பொறந்தா தெளிஞ்சுடுவாரு.

அப்புறம் பெக் மெஷர் ஒண்ணு குடுத்திருக்கேன். சரக்கு அளக்கற எவர்சில்வர் கிண்ணம், ஒரு பக்கம் முப்பது மில்லி, ஒரு பக்கம் அறுபது. ஓட்டல்ல ஓரம் நசுங்கிப் போச்சுன்னு கழிச்சுக் கட்டினது. மாப்பிள்ளை பாட்டிலைத் தொடக்கூடாது, நீயே அளந்து ஊத்திக் குடு. மொதல்ல கடலை, முட்டை, எதாவது வயித்துக்குள்ள போகட்டும். அப்புறம் ஒரு லார்ஜு. ஒரு மணி நேரம் பேச்சுக் குடு. இன்னொரு லார்ஜு. அதோட கடையைக் கட்டு. சிரிச்ச மொகமா ஊத்தணும், அது முக்கியம். வீட்டுல சமையக்கட்டுல வச்சு வெறும் தண்ணியில ஊத்தப் பழக்கி விட்டேன். கை நடுங்காம ஊத்தறா, எங்க பசங்களைவிட நல்லாவே ஊத்தறா. என் வீட்டம்மா வாசப்படியில நின்னு பாத்துச்சு. அன்னிலேருந்து எங்கிட்டப் பேசறதில்ல. இன்னிக்குப் பஸ் ஏத்தக்கூட வரல. அதுக்குப் படிப்பு கெடையாது, என்ன பண்றது.

வீட்டுலயே வச்சுக்க வேண்டியதுதானேங்கறீங்களா?

சொல்லுவீங்க சார். எல்லாரும் சொல்லுவாங்க. எனக்கு மட்டும் ஆசையில்லையா? அது வீங்கின கையோட வாசல்ல வந்து நின்னப்ப எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. ஆனா சின்னது ஒண்ணு இருக்கே, சங்கவி. வர்ற ஞாயித்துக்கிழமை பாக்க வர்றாங்க. வந்து உக்காந்ததும் மூத்த பொண்ணு எங்கேம்பாங்க. உள்ள இருக்குன்னா, ஏன் இங்க இருக்கும்பாங்க. அதுக்கு மேல டம்ளரைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சுடுவாங்க. ஒண்ணுக்காக இன்னொண்ணைக் கெடுக்கச் சொல்றீங்களா? சின்னது என்னடான்னா என்னைப் பாக்க யாரும் வர வேணாங்குது. வெக்கம்.

நீங்க அப்பிடிச் சொல்லக்கூடாது. அவரு சிவப்பு இல்ல சார். சிவப்பைப் பாத்தவன் நான். பாட்டிலை ஒடைச்சுக்கினு நிப்பான், கண்ணு எங்கயோ இருக்கும், பெத்த அம்மாவைத் தெரியாது. மாப்பிள்ளை அப்பிடி ஒரு நாளும் இல்ல. காலைல எந்திரிச்சா அழுது மன்னிப்புக் கேக்கறாராம், வினோவே சொல்லியிருக்கா. சிவப்பு அழுமா? மாப்பிள்ளை இன்னும் மஞ்சள்லதான் இருக்காரு.

கூட்டுரோடு வந்தாச்சு. அதோ நிக்கறாரு பாருங்க, டீக்கடைக்கு முன்னாடி, நீலச் சட்டை. போன் பண்ணிச் சொன்னேன், வந்துட்டாரு பாருங்க, வேலைக்கு லீவு போட்டுட்டு. பைக்கை ஸ்டாண்டு போடறாரு. போட்டுட்டாரு. இல்ல, திரும்பப் போடறாரு. மண்ணு அங்க லூஸு. மணி பதினொண்ணுகூட ஆவல, இந்நேரத்துல யாரு சார் குடிக்கப் போறாங்க. கையை ஆட்றாரு. நமக்கில்ல, பின்னால வர்ற பஸ்ஸுக்கு ஆட்றாரு. வெயிலு கண்ணுல அடிக்குதில்ல. சிரிக்கறாரு பாருங்க, பொண்டாட்டி வர்ற சந்தோஷம்.

வழி விடுங்க சார், நான் எறங்கணும். வினோ, இரும்மா, பையைக் குடு, அப்பா எடுத்துக்கறேன்.

என்னம்மா?

ஏன், நான் வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டு, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு...

சரி. சரிம்மா. நீ சொன்னா சரி. பாத்து எறங்கு. கையை ஊனாத.

கேட்டீங்களா சார்? நீ எறங்க வேணாம்பா, உக்காருன்னுடுச்சு. நீ சொல்லிக் குடுத்ததே போதும்னுடுச்சு. கண்டக்டர், ஒரு திண்டிவனம் குடுங்க, நான் எறங்கல. பரவால்ல சார், அங்க போய் அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்துடுவேன். எவ்வளவு தைரியம் வந்துடுச்சு பாருங்க. மொதத் தடவை கொண்டு விட்டப்ப என் சட்டையைப் பிடிச்சுக்கினு விடவே இல்ல, விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்செடுத்தேன். போன தடவை தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கினே போச்சு. நான்தான் வேற பக்கம் பாத்துக்கினு நின்னேன்.

பைக்ல ஏறிடுச்சு. பையை மடியில வச்சுக்கிச்சு. பஸ்ஸு இன்னும் நவுரல, நான் இங்க கையை ஆட்டிக்கினே இருக்கேன். வினோ! இந்தா, வினோம்மா!

காது கேக்கற தூரம்தான். திரும்பல.

பழகிடுச்சு சார் அதுக்கு.